ஏழு எண்ணும் வரை

நாடகத்தில் வசனம் எடுத்துக் கொடுப்பவனை யாரும் பார்க்கக் கூடாது. அவன் குரல் நடிகருக்குக் கேட்க வேண்டும், முதல் வரிசைக்குக் கேட்கக் கூடாது. எங்கள் ஊர் நாடகக் குழுவில் முப்பத்தொரு வருடமாக நான் பார்க்கும் வேலை இதுதான். மேடைக்கு இடது பக்கம், திரை மறைவில், ஒரு கால் குட்டையான மர நாற்காலி. மடியில் நாடகப் பிரதி, கையில் சின்ன டார்ச். நேரில் என்னை 'சார்' என்பார்கள். நான் முதுகைக் காட்டியதும் 'முணுமுணு'. எனக்குத் தெரியாது என்று நினைப்பு. இடது காது கொஞ்சம் மந்தம்தான், ஆனால் தன்னைப் பற்றிய பேச்சு மட்டும் எந்தச் செவிடனுக்கும் கேட்டுவிடும்.

வயிற்றுப்பாட்டுக்குத் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எந்தக் கப்பல் வந்தது, எந்தக் கப்பல் போனது என்று ஓய்வு பெறும்வரை தட்டித் தள்ளினேன். ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அதற்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

ஆக, வாரத்தில் எனக்கென்று இருந்தது செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாள் மாலையில் கடற்கரைச் சாலை நகராட்சி மன்றத்தில் ஒத்திகை நடக்கும். மற்ற நாள்களிலும் நான் அந்தப் பக்கம் போவேன், வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படிக்க. உப்புக் காற்றில் அதன் சட்டம் துருப்பிடித்து, கண்ணாடிக் கதவு பாதி வரைதான் திறக்கும். அதில் ஒட்டியிருக்கும் எல்லா நிகழ்ச்சிக்கும் போயிருக்கிறேன். நாய்க் கண்காட்சிக்குப் போய் மூன்று மணி நேரம் நாய்களைப் பார்த்தேன். இரத்த தான முகாமில், "வயசு தாண்டிடுச்சு, ஐயா" என்று சொல்லி ஒரு பிஸ்கட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். படகு இன்ஜின் பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு இரண்டு நாள் போனேன். "உங்க படகு எந்த மாடல்?" என்று கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பதைவிட அது தேவலை.

அந்தச் செவ்வாயும் வெள்ளியும்தான் இந்த வருடம் போக இருந்தன.

எங்கள் டைரக்டர் ஒரு பல் டாக்டர். நாற்பது வயது. சுறுசுறுப்பான ஆள், நடிகர்களைப் பார்த்து வாயை நன்றாகத் திறக்கச் சொல்வதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒத்திகை தொடங்கிய மாதமே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரல் நாலாவது வரிசை வரைக்கும் கேக்குது."

"நாலாவது வரிசையில யார் இருந்தா? காலி நாற்காலிக்குக் காது இருக்கா?"

"நான் இருந்தேன், சார்." பிறகு பையிலிருந்து பட்டாணி அளவில் ஒரு கருவியைக் காட்டினார். நடிகர் காதில் அதை வைத்துக்கொண்டால் போதுமாம். உள்ளே ஒரு அறையிலிருந்து யாராவது மைக்கில் வாசித்தால் நேராகக் காதில் விழுமாம். "அடுத்த நாடகத்துக்கு இதுக்கு மாறிடலாம்னு இருக்கேன். இந்த ரெண்டு ஷோ மட்டும் எப்பவும்போல நீங்க உக்காருங்க. எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்."

"பார்ப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? துறைமுக அலுவலகத்தில் எத்தனை விண்ணப்பத்தின் மேல் நானே அதைத் தட்டியிருக்கிறேன். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் குட்டைக்கால் நாற்காலி போய்விட்டால், 'நாளை மாலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்' என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை.

அந்த இரண்டு ஷோ எந்த நாடகம் தெரியுமா? கடலோர ஊர்களின் நாடகக் குழுக்கள் எல்லாம் கூடி வருடம் ஒரு முறை கோப்பை வைத்து நடத்தும் நாடக வாரத்துக்கு, இந்தத் தடவை ஒவ்வொரு குழுவும் தன் பழைய நாடகம் ஒன்றை மறுபடி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு அமைந்தது, முப்பத்தொரு வருடத்துக்கு முன் சுங்க அலுவலக குமாஸ்தா ஒருவர் எங்களுக்காக எழுதிய நாடகம். அதில் கதாநாயகி என் மனைவி.

சொல்லப்போனால் நான் இந்த வேலைக்கு வந்ததே அவளால்தான். அவள் சமையலறையில் நின்றபடி வசனத்தை மனப்பாடம் செய்வாள். நான் பிரதியைப் பிடித்துக்கொண்டு தப்பைத் திருத்துவேன். "வீட்டுல செய்யறதை அங்க வந்து செய்யுங்களேன். தூணாட்டம் உக்காந்திருக்கறதுக்கு அது மேல்" என்று இழுத்துக்கொண்டு போனாள். நான் எடுத்துக் கொடுத்த முதல் நாடகமே அதுதான்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கப்பலில் போன கணவன் ஒன்பது வருடம் ஒரு கடிதமும் போடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் வந்து கதவைத் தட்டுகிறான். மேடை நடுவில் சுவர் இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிற்கும். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள், கை தாழ்ப்பாளில். அவன், "குரல் தெரியலையா? நான்தான்" என்பான். அவள், "தெரியுது. தெரிஞ்சதாலதான் யோசிக்கிறேன்" என்பாள். நாடகத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருந்தது.

முதல் நாள் என் மனைவி அந்த இடத்தில் சட்டென்று பதில் சொல்லவில்லை. நின்றாள். மன்றம் முழுக்க மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. நான் பிரதியை மறந்து வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தேன். தாழ்ப்பாளில் இல்லாத கையைக் கட்டை விரல் உள்ளே இருக்கும்படி மெல்ல மூடினாள். கண் ஒரு கணம் கதவை விட்டு என் பக்கம் வந்தது. அத்தனை பேர் நடுவில் என்னைத் தேடிப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் பூரித்துப்போனேன். அதற்கப்புறம்தான் அவள், "தெரியுது" என்றாள். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. அன்றைக்கே பென்சிலால் பிரதியின் ஓரத்தில் எழுதி வைத்தேன்: 'ஏழு எண்ணும் வரை நிறுத்தம். இடது கையை மூடுகிறாள். என் பக்கம் ஒரு பார்வை. அருமை.' மறுநாளிலிருந்து அவள் ஒவ்வொரு முறையும் ஏழு எண்ணும் வரை நின்றாள். கையை மூடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அது முதல் நாளுக்கு மட்டும் என்று நானே வைத்துக்கொண்டேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது அந்த ஒரு பார்வையைத்தான்.

இப்போது அந்த வேடம் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு. நாற்பத்திரண்டு வயது, நல்ல குரல். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலையே படித்துவிடுகிறவளுக்கு நாடக வசனம் எம்மாத்திரம்? ஒத்திகையில் ஒரு சொல் பிசகியதில்லை. ஆனால் அந்த இடத்தில் நிறுத்தாமல் ஓடிவிடுவாள். டைரக்டர் உத்தரவு அது. "இந்தக் காலத்துல சும்மா நின்னா, ஜனங்க போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றார். என் மனைவி கட்டிய இடத்தில் ரோடு போட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே என் வாய்தான் பிரச்சினை.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. நிறுத்தமா, மறதியா என்று கண்டுபிடிப்பது. இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே மௌனம்தான். நிறுத்தத்தில் எடுத்துக் கொடுத்தால் நடிகர் கொன்றுவிடுவார். மறதியில் கொடுக்காவிட்டால் செத்துவிடுவார். அதனால் காதை நம்பக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். மறந்துபோனால் ஒவ்வொரு உடம்பும் ஒரு அடையாளம் காட்டும். ஐஸ் பேக்டரி மேலாளர் காதைச் சொறிவார். சலூன்காரர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை இரண்டு தடவை சொல்வார். மருந்துக்கடைப் பெண்ணுக்கு வலது குதிகால் செருப்பிலிருந்து மேலே எழும்பும். ஒத்திகையில் ஒரே ஒரு முறை பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். என் மனைவிக்கு மட்டும் அடையாளம் என்று ஒன்றும் கிடையாது, ஏனென்றால் அவள் மறந்ததே இல்லை. இதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முதல் ஷோ. மன்றத்தில் நல்ல கூட்டம். கடல் காற்றில் ஜன்னல் ஒன்று டொக்கு டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, யாரோ அதில் அட்டையைச் செருகினார்கள். பழைய பிரதியைத்தான் மடியில் வைத்திருந்தேன். டைரக்டர் புதிதாக அச்சடித்துக் கொடுத்தது என் பையில் தூங்கியது.

கதவுக் காட்சி வந்தது. கணவனாக நடித்த ஐஸ் பேக்டரி மேலாளர், "குரல் தெரியலையா? நான்தான்" என்றார்.

மருந்துக்கடைப் பெண் பதில் சொல்லவில்லை.

'அடி, உனக்குப் புரிந்துவிட்டதா! டைரக்டர் வேண்டாம் என்றும் நீயாகக் கண்டுபிடித்துவிட்டாயா!' என்று மனசு குதித்தது. டார்ச்சை அணைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய அதே மௌனம், அதே பலகை வாசனை. கண்ணைத் திறந்தால் தாழ்ப்பாளில் இருப்பது வேறு கை என்று தெரிந்துவிடும், அதனால் திறக்கவில்லை. ஏழு ஆயிற்று. எட்டு, ஒன்பது. பதினொன்றில் அவள் குரல் வந்தது. உலர்ந்து, பாதி உடைந்து, "தெரியுது..." என்றாள்.

மன்றம் அதிர்ந்தது.

இடைவேளையில் டைரக்டர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சார், நான் வெலவெலத்துப் போயிட்டேன். மறந்துட்டாங்க, இவர் இதோ கத்தப் போறார்னு நினைச்சேன். நீங்க வாயே திறக்கல! அனுபவம்னா இதுதான். அந்த பட்டாணியெல்லாம் வேணாம், அடுத்த நாடகத்துக்கும் நீங்கதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு நடுவர்கள் வர்றாங்க. இதே மாதிரி, உங்க பழைய பிரதி ஓரத்துல எழுதியிருக்கற அந்த ஏழு எண்ணிக்கை வேணும். மருந்துக்கடை மேடத்துகிட்டயும் சொல்லிட்டேன். என்ன ஆனாலும் ஏழு வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சரியா?" என்றார்.

"அது என் வீட்டுக்காரியோட நிறுத்தம்" என்றேன். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த சலூன்காரரிடமும் சொன்னேன். எல்லோரிடமும் சொன்னேன்.

ஷோ முடிந்து எல்லோரும் ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டுக் குழாயடியில் மருந்துக்கடைப் பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடவில்லை.

"அண்ணா, நான் உங்களைப் பார்த்தேன்" என்றாள்.

"என்னம்மா?"

"வசனம் வரல. சுத்தமா வரல. உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்க கண்ணை மூடிட்டிருந்தீங்க."

"நிறுத்தம்னு நினைச்சேம்மா. எவ்வளவு கைதட்டல் பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன்" என்று சொல்லிக் குழாயை மூடினாள். "அவ்வளவு பேர் முன்னாடி நான் தனியா நின்னேன், அண்ணா. எனக்கு அது நிறுத்தம் இல்ல."

துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. கைதட்டல் வாங்கியவள் அவள், நாற்காலி கிடைத்தவன் நான். இதில் யாருக்கு என்ன நட்டம்? இப்படியே முனகிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை சவரம் செய்துகொள்ளச் சலூனுக்குப் போனேன். சலூன்காரர் என்னைவிட இரண்டு வயது இளையவர். பழைய நாடகத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற கணவன் அவர்தான். இப்போது முடி நரைத்ததால் மாமனார் வேடத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஊரில் என்னை 'நீ' என்று கூப்பிட மிச்சம் இருக்கும் ஒரே ஆள்.

முகத்தில் நுரை போட்டதும் நான் ஆரம்பித்தேன். முந்தின நாள் மௌனம், பழைய மௌனம், இரண்டுக்கும் எத்தனை ஒற்றுமை என்று. அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். எப்போதும் வம்புக்கு இழுப்பவர், அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

"என்னப்பா, கத்தியை வெச்சுக்கிட்டு மௌன விரதமா? பயமா இருக்கு" என்றேன்.

"நேத்து அந்தப் பொண்ணு பின்கட்டுல அழுதுது. பார்த்தியா?"

"அது மேடை நடுக்கம்."

"உன் வீட்டம்மாவும் அதே இடத்துலதான் அழுதாங்க."

"எப்போ?"

"முதல் நாள்." கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. அவங்க போனதுக்கப்புறமும் காப்பாத்திட்டுதான் வந்தேன். நேத்து நீ ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிச்சதைக் கேட்டதுக்கப்புறம் முடியல. அது நிறுத்தம் இல்லப்பா. அவங்க வசனத்தை மறந்துட்டாங்க."

"அவ மறந்ததே இல்ல" என்றேன்.

"நான் எதிர்ல நின்னேன். நடுவுல சுவர்கூடக் கிடையாது. கட்டை விரலை உள்ள வெச்சுக் கையை மூடினாங்க. உன்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நீ எடுத்துக் கொடுப்பேன்னு பார்த்தாங்க. நீ பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தே."

கண்ணாடியில் என் முகம் பாதி நுரையோடு இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நானும் அதையேதான் கேட்டேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'முதல் நாளே தப்பு பண்ணிட்டார்னு தெரிஞ்சா, புத்தகத்தை மூடிட்டு வீட்டுல போய் உக்காந்திடுவார். மறுபடி வரவே மாட்டார். அவருக்கு ஆபீஸை விட்டா வேற ஒரு இடமும் கிடையாது. நிறுத்தம்னே நினைச்சுக்கட்டும். நான் தினமும் நின்னுட்டுப் போறேன்.' அப்படிச் சொல்லிட்டு முகத்தைக் கழுவிக்கிட்டுப் போயிட்டாங்க. நீ வெளியில பென்சிலோட காத்துக்கிட்டிருந்தே."

அவர் கத்தியை எடுத்து மிச்சச் சவரத்தைச் செய்து முடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கும் அந்தப் பொண்ணை அப்படி நிக்க விடப் போறியா?" என்று கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்குப் போகவில்லை. படகுத்துறைச் சிமெண்டுப் பலகையில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு சங்கதி எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த முதல் நாள் வீடு திரும்பும்போது நான் வழி முழுக்க அந்த நிறுத்தத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். "நீ என்னைப் பார்த்தியே, அது!" என்றேன். அவள், "உங்களைத்தான் பார்த்தேன்" என்றாள். வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தட்டு வைத்தாள். தனக்குப் பசியில்லை என்று போய்ப் படுத்துவிட்டாள். நான் ஒண்டியாக உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான்கு மணிக்குத் திரை விலகியது. இரண்டாம் வரிசையில் மூன்று நடுவர்கள், மடியில் காகிதம் வைத்துக்கொண்டு. டைரக்டர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார். தொடங்குவதற்கு முன் என்னைப் பார்த்து ஏழு விரலைக் காட்டிவிட்டுப் போனார். மருந்துக்கடைப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை.

கதவுக் காட்சி.

"குரல் தெரியலையா? நான்தான்."

அவள் நின்றாள். சொன்னபடி நிற்கிறாள், ஏழு வரை நிற்பாள். டார்ச் எரிந்துகொண்டிருந்தது. நான் பிரதியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். ஒன்று. முகத்தில் ஒன்றுமில்லை, நல்ல நடிகை. இரண்டு. மூன்று. அவளுடைய வலது குதிகால் மெல்லச் செருப்பை விட்டு எழும்பியது.

மௌனம் என்னவோ நேற்றைவிட அழகாகத்தான் இருந்தது. ஒரு நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்னும் நான்கு எண்ணிக்கை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளாகவே கண்டுபிடித்துவிடுவாள், நேற்றும் கண்டுபிடித்தாளே. நாற்காலி எனக்கு, கோப்பை குழுவுக்கு. செவ்வாயும் வெள்ளியும் நான் சாகிறவரை இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

அவள் கண் கதவை விட்டுத் திரும்பியது. நேற்று என் மூடிய கண்ணைப் பார்த்தவள், இன்றும் பார்த்தாள்.

"தெரியுது" என்றேன். "தெரிஞ்சதாலதான் யோசிக்கிறேன்."

மெல்லச் சொல்லத்தான் நினைத்தேன். முப்பத்தொரு வருடம் உள்ளே கிடந்தது வேறு மாதிரி வெளியே வந்துவிட்டது. மன்றம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அது பின்னால் வரை பரவியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஐஸ் பேக்டரி மேலாளர் காதைச் சொறிந்தார். ஆனால் அவளுடைய குதிகால் தரையில் இறங்கிவிட்டது. முழு மூச்சு ஒன்று இழுத்து, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, அந்த வசனத்தைத் தெளிவாகச் சொன்னாள். நாடகம் நடந்தது.

கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று. டைரக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "போகட்டும், சார், இத்தனை வருஷம் செஞ்சிருக்கீங்க. இனிமே ஷோ நடக்கும்போது முன்வரிசையில வந்து உக்காந்து ஜாலியா பாருங்க" என்று தோளைத் தட்டினார். முன்வரிசையில் உட்கார்பவர்களுக்கு ஒத்திகை கிடையாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

மருந்துக்கடைப் பெண் போகும் வழியில் என் எதிரே நின்றாள். "தேங்க்ஸ், அண்ணா" என்றாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் அவள் கணவர் ஹாரன் அடித்தார். சலூன்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் குட்டைக்கால் நாற்காலியை மடக்க முடியாதென்று தெரிந்தும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். அவளுக்கு அடுத்த வசனம் தெரியவில்லை. "ஏம்ப்பா?" என்றாள். "பசியில்ல. அம்மாவை நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன். இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். பிறகு அவளுக்கு வேலை இருந்தது.

சமையலறையில் என் மனைவி நின்று வசனம் சொல்லும் இடத்துக்கு எதிரே என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிரதியைத் திறந்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. இடது கையை மூடுகிறாள். என் பக்கம் ஒரு பார்வை. அருமை.

அடுப்புப் பக்கம் நிமிர்ந்து பார்த்து, "தெரியுது" என்று எடுத்துக் கொடுத்தேன். கிசுகிசுக்கவில்லை, சத்தமாகவே சொன்னேன். அங்கே நாலாவது வரிசை இல்லை. சிரிக்கவும் யாரும் இல்லை. ஏழு எண்ணும் வரை பார்த்தேன். பிறகு எழுந்து தட்டைக் கழுவப் போனேன், கழுவ ஒன்றுமில்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.